எட்டு வெறும் போத்தல்கள்

மச்சான்,

நேற்று மத்தியானம் என் குளியலறையில் நின்றபடி ஒரு போத்தலைத் திறந்தேன். கம்பி பூட்டிய பீங்கான் மூடி, உன் நிலவறையிலிருந்து கொண்டுவந்த போத்தல். மூடி டப்பென்று விலக ஒரு மணம் எழும்பியது. பேக்கரிக்குள் நின்று யாரோ வேப்பிலை கசக்கினால் எப்படி இருக்கும், அப்படி. அந்த மணம் எனக்குத் தெரிந்த மணம். எங்கே, எப்போது என்றுதான் பிடிபடவில்லை. என் வாழ்நாளில் முதல் தடவையாக நானே காய்ச்சிய பியர், அது எனக்கு முன்பே எப்படித் தெரிந்திருக்கும்?

நீ போனதிலிருந்து எனக்கு எல்லாமே இப்படித்தான் இருக்கிறது. சரி, முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் எங்களுக்கு நீ சொல்லாமல் போன கதை.

நீ செத்து முப்பத்தோராம் நாள் பூசையும் முடிந்த அடுத்த கிழமை உன் மனைவி ரெஜினா தொலைபேசி எடுத்தாள். "அண்ணை, ஒருக்கா வந்திட்டுப் போங்கோ. கெல்லருக்குள்ள ஒரு சாமான் கிடக்கு" என்றாள். நான் ஏதோ எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்துக் கையுறையோடு வந்தேன்.

உன் நிலவறையில், கிறிஸ்மஸுக்கு வைக்கும் பிளாஸ்டிக் நத்தார் மரத்துக்குப் பின்னால், ஒரு பெட்டி. பெட்டியில் தாடிக்காரன் ஒருவன் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான், "வீட்டிலேயே உங்கள் சொந்த பியர்" என்று ஜேர்மன் மொழியில் எழுதியிருக்கிறது. உள்ளே பத்து லீற்றர் வாளி, மூடியில் ஒரு ஓட்டை, அதில் செருகும் வளைந்த குழாய். முளைவிட்ட பார்லியைக் காய்ச்சி இறுக்கிய மோல்ட் பாணி அடைத்த டின் இரண்டு, ஒன்று வெறுமை. ஈஸ்ட் பக்கற் ஒன்று. பக்கத்தில் இருபது போத்தல்.

"இதென்னெண்டு எனக்குத் தெரியும் அண்ணை. ஏனெண்டுதான் தெரியேல்லை" என்றாள் ரெஜினா. "பன்னிரண்டு போத்தில் நிறைஞ்சு கிடந்தது. ஆத்திரத்தில நான்தான் முழுக்கப் பீலிக்குள்ள ஊத்தினனான். மற்ற எட்டும் முதலே வெறும் போத்தில். கழுவிக் கவிட்டு வைச்சிருந்தவர்."

பிறகு அந்தத் தாடிக்காரனைப் பார்த்தபடி கேட்டாள். "திரும்பத் தொடங்கிட்டாரோ?"

மகள் முதன்முதல் நற்கருணை வாங்கிய முதல் நன்மை நாளில் நீ கோயில் வாகனத் தரிப்பிடத்தில், காருக்குள், வெறியில் நித்திரை கொண்டது எனக்கும் நினைவிருக்கிறது, அவளுக்கும் நினைவிருக்கிறது. அந்த ஆவணி மாதம் கேவலார் யாத்திரைக்குப் போய் மாதாவிடம் மெழுகுதிரி ஏற்றினாய். "இனி ஒரு சொட்டும் என்ர நாக்கில படாது" என்றாய். நான் உன் பக்கத்தில் நின்றேன், என் பைக்குள் இரண்டு கான் பியரோடு. வெட்கமாக இருந்தது, ஆனால் வாக்குக் கொடுத்தது நீ, நான் இல்லை. திரும்பி வரும்போது ரயிலில் இரண்டையும் நானே குடித்தேன். நீ யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாய்.

"பதினாலு வருசம் அண்ணை" என்றாள் ரெஜினா. "நம்பி நித்திரை கொண்டனான். ஓமெண்டால் ஓமெண்டு சொல்லுங்கோ, இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லுங்கோ. நடுவில மட்டும் விடாதையுங்கோ."

எனக்கு உன்மேல் கோபம் வந்தது. செத்தவனோடு கோபிப்பது சரியில்லை என்று தெரியும். வந்தது வந்ததுதான்.

வாளியைத் தூக்கும்போது அடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே உன் கையெழுத்தில் ஒரு கடிதத்தின் பிரதி, சுங்கக் கந்தோருக்கு. வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்கள் முன்கூட்டி அறிவிக்க வேண்டும் என்று பெட்டியில் இருந்த தாளில் போட்டிருக்கிறது. வேறு யாராவது என்றால் அந்தத் தாளைத் திருப்பியும் பார்த்திருக்க மாட்டார்கள். நீ முழுப் பக்கம் எழுதியிருக்கிறாய்: "மதிப்புக்குரிய அம்மணி, ஐயா, நான் பத்து லீற்றர் பியர் காய்ச்ச அனுமதி கேட்கிறேன். காரணம்: எனது மனைவியின் அப்பம். அப்பம் என்பது எங்கள் அரிசிப் பண்டம். அதற்குக் கள்ளு தேவை. இங்கே கள்ளு இல்லை." கீழே இணைப்புகள்: கடவுச்சீட்டுப் பிரதி, வதிவிட அனுமதிப் பிரதி, விவாகப் பதிவுப் பிரதி.

விவாகப் பதிவு! மனைவி இருக்கிறாள் என்று பியருக்கு அத்தாட்சி வைத்தவன் இந்த ஜேர்மனியிலேயே நீ ஒருவன்தான் மச்சான். அந்த ஈரமான நிலவறையில், உன் மனைவிக்கு முன்னால், நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

கந்தோரின் பதிலும் உறைக்குள் இருந்தது. நாலு வரி. அறிவித்தல் கிடைத்தது, இணைப்புகளைத் திருப்பி அனுப்புகிறோம், காரணம் கூறத் தேவையில்லை.

ரெஜினாவுக்கு வாசித்து மொழிபெயர்த்தேன். அவள் முகம் ஒரு கணம் வெளித்தது. "கள்ளு விடாட்டில் அது அப்பமில்லை, தோசைக்குத் தங்கச்சி எண்டு நான்தான் ஒவ்வொரு முறையும் சொல்லுறனான்" என்றாள். உடனேயே முகம் திரும்பவும் இருண்டது. "அது கந்தோருக்கு எழுதினதெல்லோ அண்ணை. கந்தோருக்கு இவர் எப்ப உண்மை எழுதினவர்?"

அதுதான் என் தலையையும் சுற்ற வைத்தது. நாங்கள் நாலு பேர் ஒரு அறையில் கிடந்த அகதி விடுதியில், உன் வழக்கு மறுக்கப்பட்டபோது, மேன்முறையீட்டை எழுதித் தந்தவன் நான். உன் அண்ணன் காணாமல் போனதை எழுதுவோம் என்றேன். நீ வேண்டாம் என்றாய். "அதுக்குக் கடதாசி இல்லை மச்சான். உண்மையை எழுதினால் நம்பாங்கள். நம்பிறதை எழுது." ஊரில் எரிந்துபோன உங்கள் கடையை எழுதினோம், அதற்கு ஒரு படம் இருந்தது. கடை எரிந்ததும் உண்மைதான். ஆனால் நீ ஓடிவந்தது கடைக்காக அல்ல. அதற்குப் பிறகும் அப்படித்தான். கம்பித் தொழிற்சாலையில் லீவு கேட்க வேண்டுமா, உனக்குக் கடைவாய்ப் பல் வலிக்கும். அந்த ஒரு பல்லுக்கு எத்தனை லீவு எடுத்தாய்!

அப்படியிருக்க, அப்பம் என்பது காரணமா, கந்தோர்க் காரணமா? இன்னொன்று. முப்பது வருடமாக உன் எல்லாக் கடிதத்தையும் நான்தான் திருத்தினேன். இதை மட்டும் ஏன் எனக்குக் காட்டவில்லை? மூன்று இடத்தில் இலக்கணப் பிழை. எனக்கு அது இன்னும் மனத்தில் தைக்கிறது.

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஏன் காய்ச்சினேன் என்று கேட்டால் தெரியாது. உன் கை பட்ட இடங்களில் என் கையையும் வைத்துப் பார்த்தால் ஏதாவது விளங்கும் என்று நினைத்தேனோ என்னவோ. டின்னைச் சுடுதண்ணீரில் வைத்து இளக்கி, வாளியில் ஊற்றி, சீனி போட்டு, தண்ணீர் விட்டு, ஆறவிட்டு, ஈஸ்டைத் தூவினேன். அடுத்த நாள் குழாய் குமிழி விடத் தொடங்கியது. புளுக், புளுக். ஒரு கிழமை முழுக்க அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பல் விளக்கினேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. போத்தல்களில் அடைத்து மூன்று கிழமை காத்திருந்தேன்.

நேற்றுத் திறந்தேன். முதல் மிடறு நாக்கில் பட்டவுடன் பிடிபட்டது.

போன இலையுதிர்காலம், சனிக்கிழமைகள், என் பல்கனி. நீ துணிப்பையில் பெயர் ஒட்டாத ஒரு போத்தலோடு வருவாய். "வேலையில ஒரு டொச்சுக்காரன் காய்ச்சினது. எனக்கென்னத்துக்கு, நீ குடி" என்பாய். நான் குடிக்க நீ என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாய். "கைக்குதோ?" "இல்லை மச்சான், நல்லாயிருக்கு." "வடிவாச் சொல்லு. ஒரு புளிப்பு வருதோ, கள்ளு மாதிரி?" "வருது, வருது." குடியை விட்ட மனிசன் கேட்டுக் கேட்டு ஆசை தீர்க்கிறான் என்று நினைத்து, பாவமாக இருந்தது. எனக்கு அப்போது எல்லாம் விளங்கினது போலவே இருந்தது, அதுதான் பகிடி.

மச்சான், அது கைத்தது. சரியான வேப்பிலைக் கைப்பு. புளிப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சும்மா கிடைத்த பியரைக் குறை சொல்வது எப்படி என்று அப்படிச் சொன்னேன். பியரைப் பற்றி எனக்குத் தெரியும் என்று நீ நம்பியதும் எனக்குப் பெருமையாக இருந்தது. நீ உன் நாக்கில் ஒரு சொட்டும் படவிடாமல் என் நாக்கைக் கடன் வாங்கியிருக்கிறாய். அந்த நாக்கு பொய் சொல்லிவிட்டது. கடிதத்தை ஏன் எனக்குக் காட்டவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. காட்டியிருந்தால் பியர் யாருடையது என்று எனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தால் நான் உண்மை சொல்லமாட்டேன் என்று நினைத்திருப்பாய். தெரியாமலும் நான் சொல்லவில்லையே.

நினைத்திருப்பாய் என்றுதான் சொல்கிறேன். நிச்சயமாகத் தெரியாது.

போத்தலின் அடியில் தங்கிய மண்டியை அரிசி மாவில் கலந்து வைத்தேன். இன்று காலை பூசை முடிந்ததும் மாச்சட்டியை மடியில் வைத்து பஸ்ஸில் ரெஜினா வீட்டுக்குப் போனேன். மா பொங்கி மூடியைத் தூக்கி என் கோயில் காற்சட்டையில் வழிந்தது. பக்கத்தில் இருந்த ஜேர்மன் அம்மா எழும்பி வேறு இடம் பார்த்து இருந்தார்.

ரெஜினா சட்டியைச் சுழற்றி ஒரு அப்பம் சுட்டாள். கரை முறுகி வந்தது, நடு பஞ்சாக இருந்தது. ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்தவள் மெல்லுவதை நிறுத்தினாள்.

"இந்தக் கைப்பு" என்றாள். "போன நத்தார் காலமை இதே கைப்பு அண்ணை. மாக் கரைச்சது இவர்தான், எனக்கு மணிக்கட்டு நோ. என்னத்தைக் கலந்தனீங்கள், மா பழுதாப் போச்செண்டு ஏசிப்போட்டு முழுக்கக் குப்பைக்குள்ள கொட்டினனான்."

"அவன் என்ன சொன்னவன்?"

"ஒண்டும் சொல்லேல்லை. தான் ஒரு துண்டும் தின்னவுமில்லை. வயித்துக்குச் சரியில்லையாம்." கையில் இருந்த துண்டைப் பார்த்துச் சொன்னாள்: "வயித்துக்கு ஒண்டுமில்லை என்ன? அப்பத்துக்குள்ள இருந்த சொட்டுக்குப் பயந்திருக்கிறார்."

பிறகு நான் பல்கனிக் கதையைச் சொன்னேன். சிரித்தாள். என்னை ஏசினாள். "நீங்கள் கைக்குதெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் அவர் அதை மாவுக்குள்ள விட்டிருக்கமாட்டார், நானும் அப்பிடி ஏசியிருக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, சட்டிக்கு முன்னால் நின்று அழுதாள். நான் என்ன செய்வது என்று தெரியாமல் அந்தக் கைத்த அப்பத்தை முழுதாகத் தின்றேன்.

முகம் கழுவிக்கொண்டு வந்து கேட்டாள். "அப்ப அந்த எட்டுப் போத்திலும்?"

"ஒண்டு மாவுக்குள்ள போனது. ஏழும் நான் குடிச்சனான்."

"ஏழுமோ?"

"ஓம். ஏழும் நான்தான்."

அவள் மூச்சை விட்டாள். தோள் இறங்கியதைக் கண்ணால் கண்டேன்.

இப்போது வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். எனக்கு நினைவிருப்பது ஐந்து சனிக்கிழமைதான் மச்சான். விரலை மடக்கி மடக்கிப் பார்த்துவிட்டேன். ஐந்தாவது நாள் மழை, நீ குடையை மறந்துவிட்டுப் போனாய், அது இன்னும் என் கதவடியில் இருக்கிறது. மற்ற இரண்டு போத்தல்? நான் குடித்து மறந்திருக்கலாம், குடிக்கிறவனின் நினைவை யார் நம்புவது. முதல் முறை மா சரிவராமல் நீ யாருக்கும் தெரியாமல் கொட்டியிருக்கலாம். அல்லது வேறு மாதிரியும் இருக்கலாம். அவள் நம்பக்கூடியதை நான் சொன்னேன், நீ பழக்கிய பழக்கம். அது உண்மையாகவும் இருக்கலாம். அந்த இரண்டையும் நான் குடித்ததாகவே இருக்கட்டும். கந்தோர்க்காரர் எழுதியதைப் போல, நீ காரணம் கூறத் தேவையில்லை.

உனக்கு நான் பாக்கி வைத்த பதில் ஒன்று இருக்கிறது. மேசையில் உன் போத்தல் இருக்கிறது, பாதி குடித்தாகிவிட்டது, நீ இருந்த கதிரை எதிரே இருக்கிறது. கைக்குதோ என்று ஐந்து சனிக்கிழமை கேட்டாய்.

ஓம் மச்சான். கைக்குது.