அண்ணன் போடாத கையெழுத்து

என் தங்க அம்மா,

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. என் ஆத்திரம் மட்டும் இன்னும் அடங்கவில்லை.

செந்துறைப் பக்கம் ஆஸ்பத்திரி ஆயாவாகவே காலத்தைக் கழித்தவள் நீ. "நான் செத்தா படிக்கிற புள்ளைங்களுக்கு என் ஒடம்பைக் குடுத்துடுங்க. கொட்டு, பாடை ஒண்ணும் வேணாம்" என்று சொல்லி, உடல்தானப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு ரேஷன் கார்டோடு வைத்திருந்தாய். நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

அன்றைக்கு மெடிக்கல் காலேஜ் வண்டி அரியலூரிலிருந்து தெருமுனை வரை வந்துவிட்டது, தெரியுமா? உன் மகன் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். "கொள்ளி வைக்காத புள்ளன்னு நான் பேரு வாங்கணுமா? ஊரு காறித் துப்பும்!" நீ உயிரோடு இருந்தபோது உன்னை வைத்தியத்துக்குக் கூட்டிப்போக ஒரு நாள் வந்தானா அவன்?

வந்த டாக்டர் தயங்கினார். "அம்மா எழுதிக் குடுத்தது சரிதாங்க. ஆனா வாரிசுல ஒருத்தர் சம்மதக் கையெழுத்துப் போட மறுத்தாலும் நாங்க எடுத்துட்டுப் போக முடியாதுங்க." உன் உடம்பு, உன் கையெழுத்து, அதற்கு மேல் அவன் பேச்சு! இது என்ன நியாயம் அம்மா? வண்டி வெறுமனே திரும்பிப் போனது. நீ வேண்டாம் என்ற கொட்டோடும் பாடையோடும் உன்னைக் கொண்டுபோய் எரித்தான்.

இப்போது சேதி கேள். பக்கவாதம் வந்து உன் மகன் என் வீட்டில்தான் கிடக்கிறான். கையெழுத்துப் போட மறுத்த அந்த வலது கை இப்போது தூக்க வரவில்லை. சந்தோஷப்படக் கூடாதுதான். பட்டேன். ஆனால் கஞ்சி ஊட்டுவதிலும் துணி மாற்றுவதிலும் குறை வைக்கவில்லை.

போன வாரம் நான் துணி எடுக்க அலமாரியைத் திறந்தபோது, உள்ளே ஒரு உடல்தானப் படிவம் இருப்பதைப் படுக்கையிலிருந்தே பார்த்துவிட்டான். என் உடம்புக்காக நான் வாங்கி வந்தது. என் பிள்ளைகள் சம்மதக் கையெழுத்தும் போட்டாயிற்று. அவன் தனக்கென்று நினைத்துக்கொண்டான். பொண்டாட்டி பிள்ளை இல்லாதவனுக்கு நான்தானே வாரிசு?

"தங்கச்சி, என்னைக் காலேஜுக்குக் குடுத்துடாத. உன் மவனை உட்டுக் கொள்ளி வைக்கச் சொல்லு" என்று குழறிக் குழறி அழுதான்.

"அம்மாவும்தான் கேட்டுச்சு" என்றேன். படிவம் யாருடையது என்று சொல்லவில்லை.

அன்றிலிருந்து தினமும் கேட்கிறான். நான் பேசாமல் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருக்கிறேன். நீ இருந்தால் என்னை வைதிருப்பாய். வைதுகொள்.

உன்மேல் சத்தியம் அம்மா, அவன் கேட்டபடியே எரிப்பேன். இன்னொருவர் உடம்பின் மேல் என் பிடிவாதத்தைக் காட்ட மாட்டேன். அவனைப் போல ஆக எனக்கு இஷ்டமில்லை. ஆனால் அவனுக்கு மூச்சு இருக்கும்வரை அதை அவனிடம் சொல்ல மாட்டேன்.

உன் வயிற்றில் பிறந்த பழிகாரி,
மகள் செல்வி