ரெட்டைக்குழலுக்கு எந்தக் கறுப்பு

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஓசூர் தூறல் நனைக்காது, எதையும் காயவும் விடாது. யூனிஃபார்ம் கோட்டை ஈரத்தோடு போட்டுக்கொண்டு போனேன். லேபில் நாள் முழுக்கத் தும்மல்.

சாயந்திரம் அப்பா பேங்கிலிருந்து வந்ததும் தோட்டாக்களை எடுத்து அலமாரியில் பூட்டினார். துப்பாக்கியைப் பழைய துண்டின் மேல் வைத்து என்னைக் கூப்பிட்டார். ரெட்டைக்குழல். மிலிட்டரியிலிருந்து வந்த பிறகு லைசென்ஸ் எடுத்துச் சொந்தமாக வாங்கியது. அது இருப்பதால்தான் அவர் கன்மேன். இல்லாவிட்டால் வெறும் செக்யூரிட்டி.

குழலின் அடியில் துரு. இடது கை பிடிக்கும் இடத்தில் மட்டும், அவருடைய உள்ளங்கை அளவுக்கு. வியர்வையும் மழையும்.

பேங்குக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி மேனேஜர் பார்த்துவிட்டாராம். "அடுத்த திங்கக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன். இந்தத் துருவோட நின்னா பேங்க்காரன் என்னைக் கேப்பான்" என்றாராம்.

"நீதான் கோட்டிங் கம்பெனில இருக்கியே பாப்பா. எதைப் போட்டா நிலைச்சு நிக்கும், சொல்லு" என்றார் அப்பா.

எங்கள் வீட்டில் காலேஜ் போனது நான் ஒருத்திதான். என்னிடம் கேட்கும்போது அப்பா கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறார். அதுதான் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

டீ டைமில் யோசித்தது:
எண்ணெய் — மழைக்காலத்தில் தினமும் போடணும். இப்போதும் போடுகிறார்.
ஸ்ப்ரே பெயிண்ட் — கை படும் இடத்தில் முதலில் உரியும்.
பவுடர் கோட்டிங் — தடிமன். அவன் அடுப்பில் வேறு சுடணும்.
பிளாக்கனிங் — எங்கள் லைனில் தினமும் ஓடுகிறது. கொதிக்கும் காரத்தில் முக்கி எடுத்தால் எஃகு கறுப்பாகும்.

இதை வீட்டில் விளக்கினேன். "அவன்ல சுட்டா கெட்டியா ஒட்டிக்கும்பா, ஆனா..."

உள்ளேயிருந்து அம்மா: "இத்தனை வருசத்துல அது ஒரு தடவை சுட்டதில்ல. இப்ப நீங்க ரெண்டு பேரும் சேந்து அதையே சுடப்போறீங்களா?"

அப்பாவுக்குப் புரையேறும்வரை சிரிப்பு.

ஆகஸ்ட் 6, புதன்

லைன் சூப்பர்வைசர் சம்பத் அண்ணனிடம் பொதுவாகக் கேட்டேன். பெயர் சொல்லாமல்தான் கேட்டேன். லேபில் கூட வேலை செய்யும் மஞ்சுளா சொல்லிவிட்டாள். அவள் கர்நாடக எல்லைத் தளிக்காரி, வாயில் எதுவும் நிற்காது.

"அப்பா துப்பாக்கியா? இதுக்கா இவ்வளவு யோசனை? ஞாயித்துக்கிழமை லைன் சும்மாதான கிடக்கும். குழலை மட்டும் கழட்டிக் கொண்டாரச் சொல்லு. டேங்குல முக்கி எடுத்தா காக்கா மாதிரி வந்துரும்."

"கம்பெனிக்குள்ள அதெல்லாம் கொண்டுவரக் கூடாதுண்ணா..."

"யாரு பாக்கப்போறா?"

மஞ்சுளா: "வாட்ச்மேன் ஓடிப்போயிருவான் அண்ணா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். நான் கொண்டுபோன கறுப்பு போல்ட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். "இதே கறுப்புதான் பாப்பா. புதுசுல இப்படித்தான் இருந்தது."

ஆகஸ்ட் 7, வியாழன்

தூக்கம் வரவில்லை. ஏதோ இடிக்கிறது.

காலையில் துப்பாக்கியை நன்றாகப் பார்த்தேன். இரண்டு குழலும் ஒரே துண்டு இல்லை. நடுவில் ஒரு பட்டை வைத்து ஈயத்தால் பற்றவைத்திருக்கிறார்கள். எங்கள் டேங்கில் இருப்பது கொதிக்கும் காரம். எஃகைக் கறுப்பாக்கும், ஈயத்தைத் தின்றுவிடும். பவுடர் அடுப்பின் சூட்டுக்கும் அந்த ஈயம் தாங்காது.

டேங்கில் போட்டால் காக்கா மாதிரிதான் வரும். உள்ளே பிடிப்பு போயிருக்கும். என்றைக்கு விடும் என்று யாருக்கும் தெரியாது. அது இருப்பது அப்பா கையில்.

சம்பத் அண்ணனிடம் சொன்னேன். "புக்கைப் படிச்சுட்டு வந்து எங்களையே பயமுறுத்து" என்றார். கோபமில்லை, கிண்டல்தான். செய்தே காட்டிவிடலாம் என்று தோன்றியது.

மொபைல் ரிப்பேர் கடையில் இரண்டு தகட்டை ஈயம் வைத்து ஒட்டித் தரச் சொன்னேன். எதற்கு என்று கேட்டான். சயின்ஸ் ப்ராஜெக்ட் என்றேன். என்னை ஸ்கூல் பிள்ளை என்றே நினைத்துக்கொண்டான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

தகடுகளைக் கம்பியில் கட்டி, லைனில் போன மற்ற சாமானோடு தொங்கவிட்டேன். வெளியே வரும்போது அழகான கறுப்பு. ஒட்டின இடத்தில் ஈயம் பொரிந்துபோய் வெள்ளையாக இருந்தது. சம்பத் அண்ணன் விரலால் லேசாக நெம்பினார். இரண்டாகப் பிரிந்தது.

துண்டுகளை என் கையில் கொடுத்தார். பிறகு, "சரி, சரி, அப்பாகிட்ட வேணாம்னு சொல்லிடு" என்று போய்விட்டார்.

அந்த இரண்டு துண்டையும் அப்பாவிடம் காட்டினேன். அவர் திங்கட்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று காலண்டரைப் பார்த்தார்.

ஆகஸ்ட் 9, சனி

மஞ்சுளா பெங்களூரில் லைசென்ஸ் உள்ள ஒரு துப்பாக்கிக் கடை நம்பர் பிடித்துக் கொடுத்தாள். அவளே பேசினாள், கன்னடத்தில். ஸ்பீக்கரில் நல்ல குரல்: "பன்னி மேடம், எரடு தினதல்லி மாடிகொட்தீவி." வரச் சொல்கிறார்கள், இரண்டே நாளில் முடித்துத் தருவார்களாம்! ரெட்டைக்குழலுக்கு ஆகிற முறைதானாம். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. உடனே அப்பாவுக்குப் போன்.

"பெங்களூரா?" அப்பாவின் குரல் இறங்கியது. "நம்ம லைசென்ஸ் தமிழ்நாட்டுக்கு மட்டும்தான் பாப்பா. அத்திப்பள்ளி பார்டரைத் தாண்டுனா நான் கன்மேன் இல்ல, திருடன்."

பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரம். வேலைக்கு, ஆஸ்பத்திரிக்கு, துணிக்கு எல்லாம் அங்கேதான் போகிறோம். கோடு ஒன்று இருப்பதே இன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு சேலத்தில் ஒரு கடைக்குப் போன் செய்தோம். அவர்கள் சொன்னது: மருந்து தடவி மெலிசாகத் துருப்பிடிக்க விடுவார்கள், கொதிநீரில் போட்டுத் தேய்ப்பார்கள், அந்தத் துருவே கறுப்பாக உட்காரும், மறுபடியும் முதலிலிருந்து. ஈயத்துக்கு ஒன்றும் ஆகாது. பல வருஷம் தாங்கும். வரிசையில் வேறு வேலைகள் இருக்கின்றன, மூன்று வாரம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அப்பா கேட்டார், "நீ என்ன சொல்ற?"

ஏஜென்சி மேனேஜருக்கு நானே போன் செய்தேன். பேசவேண்டியதை நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டுதான். "சார், மூணு வாரம் மட்டும், அதுவரைக்கும் அப்பா சும்மா நிப்பாரு..."

"ஏம்மா, கன் இல்லாத கன்மேனை வெச்சு நான் என்ன பண்றது? ஒரு டப்பா ஸ்ப்ரே வாங்கி அடிச்சுட்டு வரச் சொல்லு. எவன் சுரண்டிப் பாக்கப்போறான்?"

துருவின் மேல் பெயிண்ட் அடித்தால் உள்ளே தின்றுகொண்டே போகும். அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

அப்பா திரும்பவும், "நீ என்ன சொல்ற பாப்பா?"

சேலம் என்றேன். வேறு என்ன சொல்ல. அதுதான் சரி.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நேற்று அப்பா சேலம் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். இன்று பேங்கில் வேறு ஆள். திருப்பத்தூர்ப் பக்கத்துத் தம்பியாம், சொந்தத் துப்பாக்கி. "வேற எடம் வந்தா கூப்பிடறோம்" என்று ஏஜென்சியில் சொன்னார்களாம்.

அம்மா என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ரசத்தில் உப்பு இல்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அப்பா சூளகிரிப் பக்கம் ஒரு குடோனில் சேர்ந்துவிட்டார். விசிலும் டார்ச்சும் கொடுத்திருக்கிறார்கள். லாரிக்காரர்கள் "பெரிசு" என்கிறார்களாம். அவர் மீசையைச் சின்னதாக வெட்டிக்கொண்டார்.

ஆகஸ்ட் 30, சனி

துப்பாக்கி வந்துவிட்டது. கறுப்பு என்றும் சொல்ல முடியாது, நீலம் என்றும் முடியாது. நான் லேபில் பார்த்த எந்தக் கோட்டிங்கும் இப்படி இல்லை. பட்டையில் பற்றவைத்த இடம் எங்கும் விட்டுப்போகவில்லை. அப்பா வெள்ளைத் துணியால் பிடித்துத்தான் தூக்குகிறார்.

"நீ சொன்னது சரிதான் பாப்பா."

செப்டம்பர் 2, செவ்வாய்

லேசான வெயில். லேபில் ஏஸி ரிப்பேர்.

அப்பா இன்று பென்ஷன் விஷயமாகப் பழைய பேங்குக்குப் போயிருந்தார். வாசலில் அந்தத் தம்பியோடு ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தாராம். நல்ல பையன், டீ வாங்கிக் கொடுத்தானாம்.

சாப்பிடும்போது சொன்னார், "அவன் துப்பாக்கிலே ஸ்ப்ரேதான் அடிச்சிருக்கான். கை வெக்கிற எடத்துல உரியுது. அடியில துரு. சேலத்துக்குக் கொடுத்தாத்தான் நிக்கும்."

"சொன்னீங்களா?"

"நான் சொன்னா வயித்தெரிச்சல்னு நெனைப்பான். நீ படிச்சவ, ஒரு நாள் வந்து எடுத்துச் சொல்லேன் பாப்பா."

சரி என்றேன்.

கொடுத்தால் மூன்று வாரம் ஆகும், பேங்க் வாசலுக்கு வேறு கன்மேன் வேண்டியிருக்கும். அதை அப்பாவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.