சரஸ்வதி என்று கூப்பிட ஒரு பல்

மார்ச் 3, திங்கள்
விடியலில் மழை. ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை. சிரம்பான் டவுனுக்குப் போக வசதி. பல் டாக்டர் (இனி ப.டா.) சீனர். எங்கள் இருவருக்கும் பொது அரைகுறை மலாய்தான். போன மாதம் சாலைத் தடுப்பில் லாரி சடக்கென்று நின்றபோது உடைந்த முன்பல். நரம்பை எடுத்தாயிற்று, வேர் மட்டும் மிச்சம். அதற்குள் தங்கக் கம்பி செருகி, அதன்மேல் புதுப் பல் உட்காருமாம். கம்பி வார்க்கப் பத்து நாள். அதுவரை தற்காலிகப் பல். "டாலாம் சுடா இசி கெத்தா" என்றார். உள்ளே கெத்தா, அதாவது ரப்பர், அடைத்தாகிவிட்டது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி, என் வாய்க்குள்ளும் பால்மரமா! வேர் பிளந்தால் பிடுங்கத்தான் வேண்டும் என்றும் சொன்னார்.

மார்ச் 4, செவ்வாய்
காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுப்பில், பெயர் வாசித்தேன். மூன்று வாரம் கழித்து 'சரஸ்வதி' சரஸ்வதியாகவே வந்தது. இத்தனை நாள் பல் சந்தில் வெறும் காற்று. பால்வெட்டும் சரஸ்வதி பின்னால் திரும்பி, "அய்யாவுக்கு விசிலு நின்னு போச்சுலா!" எல்லோரும் சிரிப்பு.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சிரிக்கவில்லை. காட்டுக்குள் கம்யூனிஸ்ட் சண்டை நடக்கும் இந்த அவசரகாலத்தில் பெரட்டுக்குப் பதில் சொல்லாதவர் பெயர் நேரே போலீசுக்குப் போகிறது. என் விசிலில் பெயர் புரியவில்லை என்று போலீசார் முணுமுணுத்தார்களாம். மறுபடி விசிலடித்தால் பெரட்டு சின்னக் கிராணிக்கு (சி.கி.). பதினோரு வருடமாக நான் கூப்பிடும் பெயர்கள். விடமாட்டேன்.

மார்ச் 8, சனி
வாங்க வேண்டியவை: மை, பிளேடு, பாக்கியத்துக்குத் தையல் நூல்.
மத்தியானம் மரவள்ளிக்கிழங்கு. பல் கையோடு வந்துவிட்டது. ஊரடங்கு, வியாழன் வரை தோட்டத்தை விட்டு வெளியே போக அனுமதி இல்லை. ப.டா. வைத்ததும் கெத்தாதானே? பால் ஸ்டோரில் ஒரு கரண்டி ரப்பர் பால், உறைய இரண்டு சொட்டு ஆசிட். பல்லைத் தோய்த்துச் செருகி, கரண்டிக் காம்பால் நாலு தட்டு. என் மனைவி பாக்கியம், "வாயில போயி ஆசிட்டா? ஒங்களுக்கு என்னா பைத்தியமா?"
பல் ஆடவில்லை. பெருமையாக இருந்தது.

மார்ச் 11, செவ்வாய்
பெரட்டு சரி. மேலுதடு வீக்கம். வாயில் ஸ்டோர் நாற்றம். பாக்கியம் உப்புத் தண்ணீர் வைத்தாள்.

மார்ச் 13, வியாழன்
ப.டா. பல்லைக் கழற்றி மோந்து பார்த்தார். "இனி அபா?" இது என்ன என்கிறார். "கெத்தா" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அவர் வைத்தது வேறு மரத்துப் பால், சூட்டில் இளகுவது. எங்கள் ரப்பர் அல்ல. அதுகூடப் பரவாயில்லை, நான் தட்டிய தட்டில் வேர் நெடுக விரிசல். வார்த்து வந்த தங்கக் கம்பியைக் காட்டினார். ஊசி போல, அழகு. வைக்க இடமில்லை. வேரைப் பிடுங்கிவிட்டார்.
பஸ்ஸில் கைக்குட்டைக்குள் அழுதேன். முப்பத்தெட்டு வயதில்.

மார்ச் 14, வெள்ளி
பல் போனதும் விசில் திரும்பிவிட்டது. துரை சொன்னபடி செய்தார். பெரட்டு சி.கி.யிடம். ஒரு பெயரை ஒரு தடவைக்கு மேல் சொல்லமாட்டான். கடைசி வரிசையில் இரண்டு பேருக்குக் காது மந்தம். வரவில்லை என்று குறித்துவிட்டான். மத்தியானம் இரண்டு பேர் வீட்டிலும் போலீஸ், பானை சட்டியெல்லாம் வெளியே. நான் மூன்று தடவை கூப்பிடுவேன். அது துரைக்குத் தெரியாது.
சாப்பிடப் பிடிக்கவில்லை.

மார்ச் 15, சனி
மழை இல்லை. பனி. சி.கி. "சரஸ்வதி" என்றான், அச்சடித்தது போல. அவள் முன்வரிசையில்தான் நின்றாள். வாய் திறக்கவில்லை. அடுத்த பெயருக்கும் பதில் இல்லை. அதற்கடுத்ததற்கும். கேட்டில் போலீஸ்காரர் நிமிர்ந்து பார்த்தார். துரை என்ன விஷயம் என்று கேட்டார்.

சரஸ்வதி என்னைப் பார்த்து, "பெரிய கிராணி அய்யா, நீங்க ஊதுங்கலா. எங்க பேரு எங்களுக்குத் தெரியாதா?"

துரை பெயர் ஏட்டை என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

ஊதினேன்.

"இருக்கேன் அய்யா" என்றாள்.