சூளகிரி தாண்டியதும் சொன்னது

ஓசூர்
5-2-1956

அன்புள்ள ஜோதிக்கு,

இங்கே நான் சுகம், வண்டியும் சுகம். அங்கே நீயும் மாமாவும் அத்தையும் எப்படி இருக்கிறீர்கள் என்று மூன்று வாரமாக ஒரு வரி இல்லை. பாரூரில் தபால்பெட்டி இருக்கிறதா, ஏரியில் தூக்கிப் போட்டுவிட்டார்களா?

சமைத்து வைக்க வரும் கெம்பம்மா தினமும் போகும்போது, "அம்மாவ எப்ப கூட்டியாறீங்க சாமி?" என்று கேட்காமல் போவதில்லை. பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. உன் உடம்பு தேறியிருக்கும் என்று நம்புகிறேன்.

உன்னிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். மார்ச் கடைசி ஞாயிறு பெங்களூர் விமானத் திடலில் மறுபடி பந்தயம். நவம்பரில் வளைவுகளில் நம் காரின் பின்பக்கம் அலைந்ததை நீயே பார்த்தாய். கையில் ஸ்டாப்வாட்ச்சோடு நின்று என்னைத் திட்டினாய். ஜூஜுவாடி லாரிப் பட்டறைத் திம்மப்பன், பின்னால் கமான் ஸ்பிரிங்கில் இன்னொரு பட்டை சேர்த்தால் சரியாகும் என்கிறான். குலுக்கலை அடக்கும் ஷாக்கில் கெட்டி எண்ணெய் ஊற்று என்கிறார் பெங்களூர் நண்பர் ஒருவர். அதோடு நாம் கூடுதலாகப் பொருத்திய உராய்வு ஷாக்குகளின் நட்டை இன்னும் முடுக்கினாலே வண்டி போதுமான அளவு விறைக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் இதே வண்டியில்தான் திங்கட்கிழமை காலை தளிக்கும் பாகலூருக்கும் மாட்டு வைத்தியத்துக்குப் போயாக வேண்டும். திம்மப்பனிடம் சொன்னேன். "பந்தயத்துக்கு ஒண்ணு, மாட்டுக்கு ஒண்ணுன்னு ரெண்டு வாங்கிக்க சாமி, என் உயிர எடுக்காத" என்றான். உன் கணக்கு எப்போதும் சரியாக இருக்கும். எழுது. கூடவே எப்போது வருகிறாய் என்றும் எழுது.

இப்படிக்கு,
உன் சென்னப்பன்


பாரூர்
11-2-1956

அன்புள்ள அவர்களுக்கு,

ஜோதி வணக்கத்துடன் எழுதுவது. தபால்பெட்டி பத்திரமாக இருக்கிறது. எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை.

முதலில் வண்டி. பட்டை சேர்க்க வேண்டாம். பின்பக்கத்தை மட்டும் விறைப்பாக்கினால் வளைவில் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பும். வால் இன்னும் மோசமாக அலையும். திம்மப்பன் மூட்டை ஏற்றுகிற நினைப்பில் சொல்கிறார். கெட்டி எண்ணெயை ஊற்றிவிட்டால் பந்தயம் முடிந்த கையோடு மாற்ற முடியாது, பாகலூர் ரோட்டில் உங்கள் மருந்துப் புட்டி ஒன்றுகூட மிஞ்சாது. பட்டைகள் இளக்கமாகவே இருக்கட்டும். ஞாயிறு காலை நட்டை முடுக்குங்கள், பந்தயம் முடிந்ததும் தளர்த்துங்கள். நாலு நட்டு. பத்து நிமிஷ வேலை.

அந்தப் பத்து நிமிஷத்தைப் பற்றித்தான் நானும் எழுத நினைத்தேன். வளைகாப்புக்கு என்னை இங்கே கொண்டுவந்து விட்டீர்களே, அன்று வியாழக்கிழமை. நவம்பர் பந்தயத்துக்கு ஞாயிறன்று முடுக்கிய நட்டு அப்படியே இருந்தது. ஏழாம் மாசம் எனக்கு. சூளகிரி தாண்டியதும் சொன்னேன், குருபரப்பள்ளிக்கு முன்னால் மறுபடியும் சொன்னேன்: "நட்டைத் தளர்த்திட்டு ஓட்டுங்க, வயித்துல இடிக்குது." நீங்கள் நிறுத்தவில்லை. மூன்றாம் நாள் குழந்தை போய்விட்டது.

கிருஷ்ணகிரி லேடி டாக்டர், கட்டை வண்டியில் வந்திருந்தாலும் இது நடந்திருக்கலாம் என்று சொன்னார். இருக்கட்டும். குழந்தைக்காக உங்கள் மேல் நான் வழக்குப் போடவில்லை. ஆனால் அப்பாவிடம், "அவள் வழியில் ஒரு வார்த்தை சொல்லவில்லையே மாமா" என்றீர்கள். உள்ளே படுத்துக்கொண்டு கேட்டேன். அம்மா இன்றைக்கும் என்னைத்தான் குறை சொல்கிறாள், வாயைத் திறந்து சொல்வதற்கென்ன என்று.

நான் சொன்னது உங்கள் காதில் விழுந்ததா, இல்லையா? அதை மட்டும் எழுதுங்கள். எப்போது வருகிறேன் என்பதை அப்புறம் எழுதுகிறேன்.

உங்கள்
ஜோதி


ஓசூர்
16-2-1956

அன்புள்ள ஜோதிக்கு,

உன் கடிதம் கண்டேன். லேடி டாக்டரே அப்படிச் சொன்ன பிறகு நாம் ஏன் அதையே கிளறிக்கொண்டிருக்க வேண்டும்? அன்று எல்லோருக்கும் மனது சரியில்லை. மாமாவிடம் என்ன பேசினேன் என்பதே எனக்குச் சரியாக நினைவில்லை.

உன் யோசனை பிரமாதம். திம்மப்பன் ஒத்துக்கொண்டு, "அம்மா படிச்சது எந்தப் பட்டறைல?" என்று கேட்டான். நான் அதற்கும் மேலே ஒரு படி போய்விட்டேன். பின்பக்கம் ஒரு பட்டையைக் கழற்றச் சொல்லியிருக்கிறேன். உன் பக்கத்து இருக்கைக்குத் தேங்காய் நார் போட்டு நாலு விரல் கனத்தில் புது மெத்தை. நட்டெல்லாம் தளர்த்தியாயிற்று. இப்போது குழியில் விழுந்தால் தொட்டிலில் ஆடுவது மாதிரி இருக்கிறது. ஒருமுறை வந்து உட்கார்ந்து பார், அப்புறம் பேசு.

பந்தயமே வேண்டாம் என்றால் பெயரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். வண்டியே ஆகாது என்றால் விற்றுவிடுகிறேன். ஏற்காட்டுத் துரை சீமைக்குப் போகும்போது எனக்கே கொடுத்துவிட்டுப் போனது, கேட்க ஆள் இருக்கிறது. உனக்கு எது வேண்டுமோ சொல்.

உன் சென்னப்பன்


பாரூர்
22-2-1956

அன்புள்ள அவர்களுக்கு,

தொட்டில் என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதும்போது கை கூசவில்லையா?

வண்டியை விற்கச் சொல்லி நான் எப்போது கேட்டேன்? அந்த வண்டியில் உட்கார்ந்திருந்த அளவு சந்தோஷமாக நான் வேறெங்கும் இருந்ததில்லை. கல்யாணம் ஆன புதிதில் முன்கண்ணாடியைக் கீழே மடக்கிவிட்டு அத்திப்பள்ளி வரை போவோமே, முக்காடு பறந்து ஊரே பார்க்கும். உங்களுக்கு வெட்கமில்லை, எனக்கும் இல்லை. பட்டையைக் கழற்றியது தப்பு. வண்டி பின்னால் உட்கார்ந்துவிடும், மறுபடி போடச் சொல்லுங்கள். நான் கேட்டதற்கு மெத்தை பதில் ஆகாது.

அன்றும் கண்ணாடி மடக்கித்தான் இருந்தது. எதிர்காற்று. என் குரலும் பெரிய குரல் இல்லை. காற்றில் உங்களுக்குக் கேட்டிருக்காது என்று பல நாளாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அப்படியானால் நீங்கள் அப்பாவிடம் சொன்னதும் பொய் இல்லை. கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள். சத்தியமெல்லாம் கேட்கமாட்டேன், நம்பிவிடுவேன். பெட்டியில் பாதி அடுக்கியாயிற்று. உங்கள் கடிதம் வந்த மறுநாள் பஸ் ஏறுகிறேன்.

மௌனமாக மட்டும் இருக்காதீர்கள்.

உங்கள்
ஜோதி


ஓசூர்
27-2-1956

ஜோதி,

கேட்கவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஒரு வரிதான், நீயே எழுதிக் கொடுத்த வரி. மூன்று நாளாக அதை எழுத முடியவில்லை.

கேட்டது. இரண்டு தடவையும் கேட்டது. இரண்டாம் தடவை நீ என் முழங்கையைத் தொட்டுச் சொன்னாய். நீ அதை எழுதவில்லை, எனக்கு நினைவிருக்கிறது.

ஓசூரிலிருந்து கிளம்பும்போதே கடிகாரத்தைப் பார்த்து வைத்திருந்தேன். பாரூர் வழியில் கிருஷ்ணகிரி பழையபேட்டைக்கு முக்கால் மணியில் போய்விட வேண்டும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு. யாரோடும் பந்தயமில்லை. நல்ல நேரம் தவறிப்போகும் என்ற அவசரமும் இல்லை. சூளகிரி தாண்டும்போது இருபத்திரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. நிறுத்தினால் பத்து நிமிஷம் போய்விடும். நாலு நட்டையும் பழையபேட்டையில் தளர்த்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நீ இரண்டாவது தடவை சொன்னபோது எனக்கு எரிச்சல் வந்தது. காதில் விழாத மாதிரி இருந்துகொண்டு இன்னும் அழுத்தி ஓட்டினேன். நாற்பத்து நாலு நிமிஷத்தில் பழையபேட்டை சேர்ந்தோம். அங்கேயும் நட்டைத் தொடவில்லை, சந்தோஷத்தில் மறந்துவிட்டேன்.

மாமாவிடம் சொன்னது பொய். அவருக்கும் தனியாக எழுதி இதோடு தபாலில் சேர்க்கிறேன். அத்தை இனி உன்னைக் குறை சொல்லக் கூடாது.

என்னை மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன். வந்துவிடு ஜோதி.

சென்னப்பன்


பாரூர்
5-3-1956

அன்புள்ள அவர்களுக்கு,

இரண்டு கடிதமும் வந்தன. அப்பா தன்னுடையதைப் படித்துவிட்டுக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர் சாப்பாட்டுக்குக்கூட வரவில்லை. கோபத்தில் ஓசூருக்குப் புறப்பட்டுவிடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். அம்மா என் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

முழங்கையைத் தொட்டதை நான் மறந்தே போயிருந்தேன். நீங்கள் எழுதிய பிறகு நினைவு வந்தது. அதற்கப்புறம் வண்டி வேகமெடுத்ததும் நினைவு வந்தது. அங்கே ரோடு சரிவு, அதனால்தான் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் உண்மையை எழுதினால் போதும், மனசு ஆறிவிடும், வந்துவிடலாம் என்றுதான் இத்தனை நாளும் இருந்தேன். பொய்யாகக் கேட்கவில்லை என்று எழுதியிருந்தாலும் இந்நேரம் ஓசூரில் இருந்திருப்பேன். இப்போது வர முடியவில்லை. கண்ணை மூடினால் நான் சொல்லச் சொல்ல நீங்கள் கடிகாரம் பார்ப்பதுதான் தெரிகிறது. நாளைக்கு வேறு எதையாவது சொல்லும்போது, இவருக்குக் கேட்கிறது, கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்திருக்கும். அப்படி ஒருவர் பக்கத்தில் உட்கார எனக்குப் பயமாக இருக்கிறது.

அடுக்கிய துணிகளை எடுத்து வைத்துவிட்டேன். ஜூனில் ஆசிரியைப் பயிற்சிக்குச் சேர மனுப் போடப் போகிறேன். அங்கே இருக்கும் என் சர்டிபிகேட்டுகளைக் கெம்பம்மாவிடம் கேட்டு எடுத்துத் தபாலில் அனுப்புங்கள். அவளிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். நீங்கள் இங்கே வர வேண்டாம்.

நீங்கள் உண்மையை எழுதியதில் எனக்குக் கோபம் இல்லை. கேட்டு வாங்கியது நான்தான்.

இப்படிக்கு,
ஜோதியம்மாள்