மாமரத்தடிக்கு வெள்ளை ஓர ஹோஸ்டா

டிச. 6
காலையில் லேசான குளிர். ரங்கூன் குளிர், ஒரு சட்டை போட்டால் போச்சு.

வீட்டு மாமரத்தடி இன்னும் மொட்டை. மூணு தடவை புல் போட்டு மூணு தடவையும் செத்தது. நிழல்.

ஜப்பானில் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் அக்கா ஒரு போட்டோ அனுப்பினாள். மரத்தடி முழுக்கச் சின்ன ஹோஸ்டா, நிழலில் வளரும் இலைச்செடி. ஒரு சாண்கூட இல்லை, ஆனால் தரையே தெரியவில்லை. அம்மா போனை மூக்கோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள்.

"நம்ம மரத்தடியில இத ஒரு தடவ பாத்துட்டேன்னா போதும்டா."

அம்மாவுக்குச் சர்க்கரை. இடது கண் போயாச்சு. வலது கண்ணுக்கு டாக்டர் சொன்னது: "பார்ப்போம்." பார்ப்போமாம்.

அக்கா காட்டிய ரகம் மூணு.
நீலச் சாம்பல்: தடித்த இலை, நத்தை சீக்கிரம் தொடாது. என் ஓட்டு இதுக்கு.
மஞ்சள்: வெயில் பட்டால் கருகும்.
பச்சையில் வெள்ளை ஓரம்: மெதுவாகத்தான் பரவும். நோஞ்சான்.

அம்மா முன்னால் நீட்டினேன். முதல் ரெண்டும் "ஒரே கலங்கலா இருக்கு". வெள்ளை ஓரத்தை மட்டும் விரலால் பிசகாமல் சுற்றி வந்தாள்.

சரி. நோஞ்சானே.

டிச. 19
பார்சல் வந்தது, அக்காவின் தோழி கையில். வேர்க்கட்டைகள், ஈரப் பாசியில் சுற்றி. இதுகளுக்குக் குளிர்காலம் வேணும். ரெண்டு மாசமாவது நாலு டிகிரியில் தூங்கினால்தான் ஒழுங்காகத் துளிர்க்கும். வீட்டு ஃப்ரிட்ஜ் உதவாது, கரண்ட் இருக்கும் நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகம். நான் கோல்ட் ரூம் மெக்கானிக், அது எதுக்கு? ஊருக்குள்ளேயே அலோனில் நான் வேலை பார்க்கும் மீன் கிடங்கு, நாலு டிகிரி சில்லர் ரூம், மூலையில் பெட்டி.

கூட வேலை பார்க்கும் கோ மின்: "என்ன, இஞ்சியா?"
"செடி."
"மீனோட செடி வளக்குற ஒரே ஆளு நீதான்."

பிப். 3
ரெண்டு நாள் லீவு, அம்மாவோடு கண் ஆஸ்பத்திரி. டாக்டர் இந்த முறை "பார்ப்போம்" கூடச் சொல்லவில்லை.

இன்று கிடங்குக்குப் போனால் சில்லர் ரூம் அணைந்து கிடக்கிறது. ஜெனரேட்டருக்கு டீசல் தட்டுப்பாடு. அப்போதெல்லாம் எங்கள் வழக்கம்: சில்லரை அணை, உள்ளே இருக்கும் எல்லாத்தையும் ஃப்ரீசருக்குத் தள்ளு, ஒரு ரூமை மட்டும் ஓட்டு. வழக்கத்தைக் கொண்டுவந்தவன் நான். கோ மின் அதைத்தான் செய்தார்.

மைனஸ் பதினெட்டு. கட்டைகள் கல் மாதிரி. இளகினதும் கூழ். அழுகின முட்டைக்கோஸ் நாற்றம்.

கோ மின்: "ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாமே."

போயிருக்கலாம். கம்ப்ரசரை உதைத்தேன். கால் வீக்கம்.

பிப். 4
அக்கா போனில்: "அழாதடா. அடுத்த வருஷம் அனுப்புறேன்."
அடுத்த வருஷம். யாருக்கு?

பிப். 8
வெயில் ஏற ஆரம்பித்தாச்சு. நேற்று நர்சரியில் வெள்ளை ஓரம் வைத்த ஏதோ ஒரு குட்டைச் செடி. ஹோஸ்டா இல்லை. பேர் கேட்கவில்லை. இருந்ததையெல்லாம் அள்ளி வந்து, விடிந்ததிலிருந்து நட்டு, தண்ணீர் விட்டு, மரத்தடியை மூடியாச்சு. அம்மாவிடம் ஹோஸ்டா என்றே சொல்வதாக முடிவு. எப்படிச் சொல்வது என்று ஒத்திகை வேறு.

கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். நல்ல வெளிச்சம். அவள் காலைச் சுற்றி எல்லாப் பக்கமும் வெள்ளை வெள்ளையாய். குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம்.

"மண்ணு நனைஞ்ச வாசம் வருதே. செடிய எப்படா நடப்போற?"

"நாளைக்கும்மா."