சிமெண்ட் பால் தேய்த்த நடைபாதை

செப்டம்பர் 10, 2007. திங்கள். ஓசூர். மூட்டம்.

இன்று சொல்லாதது: "மேஸ்திரி, நிறுத்துங்க."

தொழிற்சாலை கேட்டிலிருந்து கேன்டீன் வரை ஐம்பது அடி நடைபாதை. நிலக்கரிச் சாம்பல் கலந்த, துளையுள்ள கல். மழைநீர் மேலே நிற்காமல் கல் வழியே மண்ணுக்குள் இறங்கும். ஓரத்துப் புங்கமரங்களின் வேருக்கும் போகும். மூன்று மாதம் கெஞ்சி வாங்கிய அனுமதி. முதல் மழையில் தண்ணீர் இறங்கினால் வளாகம் முழுக்க இதே கல். நின்றால் கான்கிரீட், மரங்களையும் எடுத்துவிட்டு அகலமாக. ஜி.எம். சொன்னது.

சாப்பிட்டுவிட்டு வந்தால், முனிராஜ் மேஸ்திரி கல் மேல் நீர்க்கக் கரைத்த சிமெண்ட் பாலை ஊற்றித் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். பாதி முடிந்திருந்தது.

"அப்படியே உட்டா ஓட்ட ஓட்டயா கீது பாப்பா. பாக்குறவங்க, மேஸ்திரி குடிச்சிட்டு வேல செஞ்சான்னு சொல்லுவாங்க."

அந்த ஓட்டைக்காகத்தான் இத்தனையும். துளைகளை மூடக்கூடாது என்று குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தேன். ஆங்கிலத்தில். சூப்பர்வைசர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மேஸ்திரி தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுவார். எழுத்து எதிலும் தெரியாது.

சூப்பர்வைசர் பக்கத்திலேயே நின்றிருந்தார். "இப்பதான்யா பாக்க லட்சணமா இருக்கு. என்னம்மா இன்ஜினியர், வாயே தொறக்க மாட்டேங்கற?" எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

செப். 11. வெயில்.

யாரும் இல்லாதபோது ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டு இறங்கவில்லை. கம்பி பிரஷ்ஷால் சுரண்டினேன். ஒரு கல்லுக்கு அரை மணி நேரம். விரல் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

செய்ய வேண்டியவை: ஜி.எம்.மிடம் சொல்வது. சோப்பு. அம்மாவுக்கு மாத்திரை. நூலகப் புத்தகம், கெடு தாண்டிவிட்டது.

சோப்பும் மாத்திரையும் வாங்கினேன்.

யாரைச் சொல்வது? மேஸ்திரியை என்றால் அவர் வேலை போகும். ஆங்கிலத்தில் எழுதிய என் குறிப்பை என்றால் என் தலை. புத்தகங்களில் வரும் கோழைகளை எவ்வளவு சுலபமாக வெறுத்திருக்கிறேன்.

செப். 13. வியாழன்.

விடிந்ததிலிருந்து மழை. ஓரக் கற்களுக்கு நடுவே தண்ணீர் கணுக்கால் வரை. ஷிப்டுக்கு வந்த பெண்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். ஒருத்தி: "இதாண்டி தண்ணி குடிக்கிற கல்லு. வயிறு ரொம்பிடுச்சு போல."

ஜி.எம். குடையோடு வந்தார். என்னைப் பார்த்து, "கல்லு சரியில்லையா, வேலை சரியில்லையா?"

சூப்பர்வைசர் முந்திக்கொண்டார். "மேஸ்திரி சிமெண்ட் பால் தேச்சுட்டான் சார். வேணாம்னு சொன்னா கேட்டாத்தானே?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். யாரும் அவரிடம் சொல்லவில்லை என்பது அங்கே எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும்.

"அப்படியாம்மா?" என்றார் ஜி.எம்.

"ஆமாம் சார்."

செப். 15. சனி. தூறல்.

மேஸ்திரியை வியாழன் மதியமே அனுப்பிவிட்டார்கள். நேற்று கற்களைப் பெயர்த்தார்கள். இன்று காலை புங்கமரங்களை வெட்டினார்கள். நாலு மணிக்குள் கான்கிரீட் போட்டாகிவிட்டது.