ஷமீமாவின் முப்பத்தொரு பக்கங்கள்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து மழை. லேபில் இரண்டு முறை கரண்ட் போனது. ஜெனரேட்டர் உடனே பிடித்துக்கொண்டது. ஃப்ரீசரில் ஷமீமாவின் பாக்டீரியா பத்திரம். அவள் காய்ச்சலில் இறந்து ஐம்பத்திரண்டு நாள்.

கைடு சார் கூப்பிட்டார். எங்கள் ஆராய்ச்சிக்குப் பணம் தரும் விதைக் கம்பெனி, அந்த பாக்டீரியாவுக்கு பேட்டன்ட் கேட்கப்போகிறதாம். உப்புத் தண்ணீரிலும் நாற்றைச் சாகவிடாது. நாகப்பட்டினத்தில் அவள் அத்தா வீட்டருகே பிடுங்கிய நெல்வேரிலிருந்து எடுத்தது. என் டிபன் பாக்ஸில் சேறோடு பஸ்ஸில் கொண்டுவந்தாள். அதற்கு ஒரு சண்டை.

அவள் நோட்டில் முப்பத்தொரு பக்கங்களுக்குச் சாட்சிக் கையெழுத்து இல்லை. கம்பெனி விதி: அன்றன்றைய வேலையை, அதில் சேராத ஒருவர் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவளுக்குச் சாட்சி நான், அவள் புருஷன். தினம் கேட்பாள். வீட்டில் போடுகிறேன் என்பேன். வீட்டில் சாப்பிட்டுத் தூங்குவேன்.

"பழைய தேதி போட்டுக் குடுத்துடுங்க அன்வர். அரை மணி நேர வேலை," என்றார் சார்.

பேட்டன்ட் படிவத்தைப் பார்த்தேன். கண்டுபிடித்தவர்கள்: சார், கம்பெனி மூர்த்தி. ஷமீமா கடைசித் தாளில், உதவியவர்கள் வரிசையில். கண்ணாடிக் குடுவை கழுவுபவருக்கு மேலே.

நவம்பர் 4

மழை. மூர்த்திக்கு போன். அவள் பெயர் எங்கே என்றேன். இறந்தவர் எப்படிக் கையெழுத்துப் போடுவார் என்றார். வாரிசு போடலாம், நான் இருக்கிறேன் என்றேன். அவர் பேச்சை மாற்றினார்.

"உங்க ஃபெலோஷிப் பணமும் நாங்கதானே குடுக்குறோம்?"

நாய்.

வாங்க: பேஸ்ட், கொசுவத்தி, கையுறை (சின்ன சைஸ்). சின்ன சைஸ் அவளுக்கு. அந்த வரியை அடித்துவிட்டேன்.

மாமா பேசினார், ஷமீமாவின் அத்தா. பதினெட்டு வருடம் துபாய்க் கடையில் நின்று மகளைப் படிக்கவைத்தவர்.

"அவ கண்டுபிடிச்சதுல அவ பேரு வரும்ல மாப்ளே?"

வரும் என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ.

நவம்பர் 5

வெயில். லீவு போட்டேன். முப்பத்தொரு பக்கமும் படித்தேன். இதற்கு முன் எந்தப் பக்கத்தையும் படித்துக் கையெழுத்துப் போட்டதில்லை. 'படித்தேன், புரிந்தது' என்று அச்சடித்த வரிக்குக் கீழேயே, படிக்காமல். முதலில் என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

பக்கம் 88. எல்லாம் இங்கிலீஷ், ஓரத்தில் மட்டும் தமிழ்: "வேர் போட்ட தட்டுல வேற ஏதோ கலந்திருக்கு, தூக்கிப் போடுன்னுட்டார் சார். மனசு வரல. கலந்ததத் தனியா வளர்த்துப் பாக்குறேன்."

கலந்ததுதான் இன்றைக்கு பேட்டன்ட்.

நவம்பர் 6

முப்பத்தொரு கையெழுத்து. எல்லாவற்றிலும் இன்றைய தேதி. சார் மேசையில் வைத்தேன். பழைய தேதி என்றுதானே சொன்னேன் என்றார். அன்றைக்கு நான் படிக்கவில்லை சார், நேற்றுத்தான் படித்தேன் என்றேன். 88ஐ விரித்தேன்.

படித்தார். கதவைச் சாத்தச் சொன்னார். இந்த ஒரு தாள் மட்டும் வேண்டாமே என்றார். தைத்த நோட்டு, பக்க எண் அச்சடித்தது, கிழித்தால் தெரியும் என்றேன். அது அவருக்கும் தெரியும்.

படிவத்தில் அவர் பெயருக்கு மேலே கொஞ்சம் இடம் இருந்தது.

"அவ பேர நீங்களே எழுதுங்க சார்."

பேனாவை நீட்டிக்கொண்டே நின்றேன். எவ்வளவு நேரமோ. வாங்கினார். குனிந்தார். நிறுத்தினார். அவளுக்கு இனிஷியல் என்ன என்று கேட்டார்.

நாலு வருடம் அவரிடம் வேலை பார்த்தவள்.